பன்வேலில் இறங்கியவர்

மூணாறு
19.06.2025

சபாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களும் தாராவியில் சுகமாகத்தான் இருப்பீர்கள். தோல் பைப் பட்டறை பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை?

நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று சபாவிடம் கேட்டீர்களாம். பூனாவில் அவளுக்கு அவள் பாடே பெரும்பாடு. நம் சண்டையை அவள் மடியில் கொண்டுபோய்ப் போட வேண்டாம். எனக்குப் போனும் வேண்டாம், நீங்கள் இங்கே வரவும் வேண்டாம் என்று நேற்றுக் காலையே செய்தி அனுப்பிவிட்டேன். நீங்கள் போனில் பேசினால் பின்னால் தையல் மெஷின் ஓடும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "பொறவு பேசுறேன் நஜ்மு" என்று வைத்துவிடுவீர்கள். இந்த இருபத்தாறு வருடத்தில் அந்தப் "பொறவு" ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் எழுதுங்கள். எழுதவேண்டுமானால் மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

பக்ரீத்துக்கு ஊருக்குப் போன தையல் வேலையாட்கள், உங்கள் காரிகர்கள், மாதக் கடைசியில்தான் திரும்புவார்கள், அதுவரை பட்டறை சும்மா கிடக்கும் என்று இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். மழைக்காலத்தில் யாராவது மூணாறு போவார்களா என்று கேட்டேன். "கூட்டம் இருக்காது புள்ள, நாம ரெண்டு பேரு மட்டும்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சரி என்றேன். கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம், மௌத்துக்குப் போயிருக்கிறோம். சும்மா ஊர் பார்க்க என்று நாம் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை நடந்ததை நீங்கள் இதற்குள் மறந்திருப்பீர்கள். நான் எழுதி வைக்கிறேன். காலையில் பையின் ஜிப் திக்குகிறது என்று சொன்னேன். நான் அடுக்கி முடித்த பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், ரன்னரை மாற்றிப் பூட்டும் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அதுவரை நல்ல பிள்ளை. டாக்ஸியில் ஏறியதும் செம்பூர் வழியாகப் போகலாம் என்றேன். நான் பிறந்து வளர்ந்தது சுனாபட்டியில். எந்த முக்கில் எத்தனை மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும். "நீ சும்மா இரி. முப்பது வருசமா இந்த ரோட்டுல மால் ஏத்திருக்கேன்" என்று சுனாபட்டி வழியாகவே விடச் சொன்னீர்கள். முட்டளவு தண்ணீரில் வண்டி நின்றது. "ஆகே நஹி ஜாயேகா சேட்" என்று, இதற்கு மேல் போகாது என்று டிரைவர் கைவிரித்தான். பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் முன்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால். அப்போதும் வழி தப்பு என்று உங்கள் வாயிலிருந்து வரவில்லை. "முனிசிபாலிட்டிக்காரன் சரியில்ல" என்றுதான் வந்தது.

ஒரு கடை வாசலில் ஒதுங்கினோமே, அப்போது பையைத் திறந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுங்கள் என்றேன். தலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. "மழையில ஜிப்பத் திறந்தா உள்ள இருக்கிறது பூரா நனைஞ்சுரும்" என்று அதட்டினீர்கள். நம் பைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்றும் சொன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அதற்கு எப்படி ஒரு கோபம்! "எனக்கா பை அடையாளம் தெரியாது? யார்ட்ட பேசுற நீ?" என்று கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினீர்கள். அதே கோபத்தோடு குர்லா ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம்.

வண்டி மூன்று மணி நேரம் தாமதம், ஒழுகுகிற பிளாட்பாரத்தில் மறுபடி நனைந்தோம். ஏறி உட்கார்ந்ததும் ஈரத் தலையோடு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது நீங்கள் எதிர் சீட்டில் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தீர்கள். கோபமெல்லாம் இறங்கிவிட்டது போலிருக்கிறது, ஒரு டீ வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். அதற்குள் போன் அடித்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினீர்கள். பன்வேல் வந்ததும் எழுந்துவிட்டீர்கள். "பட்டறையில தார்ப்பாய் பறந்துட்டாம். தோலு பூரா நனையுது. நா போயே ஆகணும். நீ போ, ரூம் போட்டாச்சு. நாளைக்கு வண்டில வந்துருவேன். பையத் திறக்காத, பத்திரமா வச்சிரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினீர்கள். சாவியும் உங்கள் சட்டைப் பையோடு இறங்கிவிட்டது.

நாலு பெட்டி ஜனம் பார்க்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கோவா தாண்டும் வரை ஒரே நினைப்புதான். பிள்ளைகள் இருவரும் கூட்டை விட்டுப் போய்விட்டார்கள். சைஃப் ஷார்ஜாவில், சபா பூனாவில். இனி என்னோடு நாலு நாள் தனியாக உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது என்று இந்த மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் சாக்குக் கிடைத்ததும் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது.

ஆலுவாவில் இறங்கி, பஸ் பிடித்து, மழையோடு மழையாக இங்கே வந்தேன். ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. மேகம் ஜன்னலுக்குள் வந்து போகிறது. மாற்றுத் துணி இல்லாமல் கடைவீதியில் இரண்டு சுடிதார் வாங்கினேன். பூட்டுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்க, குடையும் பையும் ரிப்பேர் செய்கிற இசக்கிதுரை என்பவரிடம் பையைக் கொண்டுபோனேன். கைப்பிடித் தையலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும்மா போட்டது இது? இவ்வளவு கனத்துக்கும் ஒரு நூல் அசையலியே" என்றார். பூட்டை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

நாளை மறுநாள் கடையநல்லூரில் ஜொஹரா வீட்டுக்குப் போகிறேன். தங்கை வீட்டில் எத்தனை நாள் இருப்பேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பன்வேலில் எதற்காக இறங்கினீர்கள்? உள்ளதை எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் நான் மும்பைக்கு வருவதா இல்லையா என்று முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
நஜ்முன்னிசா


தாராவி, மும்பை
25.06.2025

அன்புள்ள நஜ்முவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பில் புத்தகத்தில் எழுதுவதோடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை இன்னும் விடவில்லை. நீ போன மறுநாள் கொங்கணில் எங்கோ மண் சரிந்து வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. அதனால்தான் சொன்னபடி வர முடியவில்லை. பிறகு வர வேண்டாம் என்று நீயே செய்தி அனுப்பிவிட்டாய்.

நீ கேட்டதற்குப் பதில் அன்றைக்கே சொல்லிவிட்டேன். தார்ப்பாய் பறந்துவிட்டது. பிரவுன் தோலில் பதினொரு உருப்படி நனைந்துபோனது. ஈரத் தோலை அப்படியே விட்டால் பூசணம் பிடித்துவிடும். கம்பியில் விரித்து, இரண்டு பேன் போட்டு, மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காயவைத்தேன். தீபாவளிக்கு ஆர்டர் கொடுத்தவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? நீ தொழில்காரன் பெண்டாட்டி. உனக்குத் தெரியாதது இல்லை. உன்னோடு இருக்கப் பயம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அப்படி நினைக்காதே.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் மீன் குழம்பு கொடுத்து அனுப்புகிறார்கள். "நஜ்மு எப்பண்ணே வருவா?" என்று தினமும் கேட்கிறார்கள். நான் சிரித்து வைக்கிறேன். இரண்டு நாள் நானே சோறு பொங்கினேன். குக்கர் விசில் உன் காலத்தில் இவ்வளவு சத்தம் போட்டதாக நினைவில்லை.

காரிகர்கள் ஒன்றாம் தேதிக்குள் வந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நீ வந்துவிட்டால் நல்லது. பையின் பூட்டை யாரும் உடைக்க வேண்டாம். ரன்னர் கெட்டுப்போகும். அது அப்படியே இருக்கட்டும், நான் சாவி வைத்திருக்கிறேன். ஜொஹராவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்லவும்.

அன்புடன்,
கரீம் பாட்சா


கடையநல்லூர்
01.07.2025

ஜனாப் கரீம் பாட்சா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மேலான கடிதம் கிடைத்தது. பதினொரு உருப்படித் தோல் நனைந்த செய்தி படித்து மிகவும் வருந்தினேன். அனுதாபம் சொல்லலாமே என்று ஊருக்குப் போகாமல் பட்டறையிலேயே இருந்த உங்கள் தோல் வெட்டுகிற தௌஃபீக்குக்குப் போன் போட்டேன். அவனிடம் போனில் பேசுவதற்கு எனக்குத் தடையில்லை.

"தார்ப்பாயா? அதெல்லாம் எடுத்துட்டு ஷீட் போட்டு ரெண்டு வருசமாச்சே லாத்தா. ஒரு சொட்டு உள்ள வரல" என்றான். அப்புறம் ஏதோ நினைவு வந்தவன் மாதிரி, "பாய் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்து, மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று வைத்துவிட்டான். உங்கள் பட்டறையில் வேலை பார்த்து அவனும் அதைக் கற்றுக்கொண்டான்.

இரண்டு பேன் போட்டு, திருப்பித் திருப்பிக் காயவைத்தாராம்! நனையாத தோலை யாராவது காயவைப்பார்களா? பொய் சொல்வதுதான் சொல்கிறீர்கள், அதற்கு இத்தனை ஜோடனை எதற்கு என்றுதான் எனக்குக் கோபம்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நாம் போக வேண்டிய மண்டபம் அடுத்த தெருவில். வாசலில் இருந்த பெயரை நான் படித்துச் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. கவரைக் கொடுத்தீர்கள், பந்தியில் உட்கார்ந்தீர்கள், இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். மேடையில் இருந்த பெண்ணை நம் இரண்டு பேருக்கும் தெரியாது. "மேக்கப்புல அடையாளம் தெரியல" என்றீர்களே தவிர, இடம் மாறிவிட்டது என்று சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து நான் சிரித்தபோது மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அன்று சிரிக்க முடிந்தது. இன்று முடியவில்லை, ஏனென்றால் இந்தத் தடவை வண்டியில் தனியாக விடப்பட்டது நான்.

இங்கே எனக்குப் பொழுது போகாமல் இல்லை. ஜொஹரா வீட்டு முன்னறையில் ஹிந்தி வகுப்பு எடுக்கிறேன். தாராவிச் சந்தையில் காய்கறிக்காரனோடு சண்டை போட்டுக் கற்ற ஹிந்திக்கு இவ்வளவு மதிப்பு என்று தெரியாமல் போயிற்று. ஏழு பேர் வருகிறார்கள். முப்பிடாதியம்மாள் என்று ஒருவர், நாக்பூர் மருமகளோடு பேச வேண்டும் என்று வந்து சேர்ந்திருக்கிறார். "சண்ட போடுறதுக்கு முதல்ல சொல்லிக் குடும்மா, சமாதானம் நானே பாத்துக்கிடுதேன்" என்கிறார். எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது. ஜொஹராவின் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. எனக்குக் கொடுப்பாயா என்று கேட்டேன். "கேக்கணுமா லாத்தா?" என்றாள்.

நான் மிரட்டவில்லை. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். தோல் நனையவில்லை. அப்படியானால் பன்வேலில் எதற்காக இறங்கினீர்கள்? இது இரண்டாவது தடவை கேட்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நஜ்முன்னிசா கரீம் பாட்சா


தாராவி
07.07.2025

அன்புள்ள நஜ்மு,

உன் கடிதம் பார்த்தேன். தௌஃபீக் விவரம் தெரியாமல் பேசிவிட்டான். ஒரு மனுஷன் அவசரத்துக்கு இறங்கினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? காரிகர்கள் வந்துவிட்டார்கள். தீபாவளி சாம்பிள் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நீ புறப்பட்டு வா. பிறகு நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் துளசிச் செடி வாடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கரீம்


கடையநல்லூர்
11.07.2025

சபாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். "பிறகு" என்ற சொல் போனில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். தாளிலும் வருகிறது.

ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து மாடி அறையில் இருப்பேன். குளிர்காலத் துணியும் என் ரேஷன் கார்டு நகலும் லூர்தம்மாளிடம் கொடுத்து வையுங்கள், யாராவது ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். செடிக்குத் தினமும் ஊற்ற வேண்டாம், வேர் அழுகிவிடும்.

நஜ்முன்னிசா


தாராவி
18.07.2025

நஜ்மு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ஜும்ஆவுக்குப் பிறகு பட்டறையைத் திறக்கவில்லை. காரிகர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மெஷின் எதுவும் ஓடவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் துணியை எடுத்து வைக்க அலமாரியைத் திறந்தேன். லூர்தம்மாளிடம் கொடுக்க மடிக்கப் பார்த்தேன். மடிக்க வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதை இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன் என்று பட்டது.

தார்ப்பாய் பறக்கவில்லை. தோல் நனையவில்லை. தௌஃபீக் சொன்னதுதான் உண்மை.

உன்னிடம் இருப்பது நம் பை இல்லை.

பாந்த்ரா ஷோரூம்காரன் சாம்பிளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தான். இருபது கிலோ அடைத்து இரண்டு நாள் கொக்கியில் தொங்கவிட வேண்டும், கைப்பிடித் தையல் ஒரு நூல்கூட இளகக் கூடாது என்று. நாங்கள் ஒரு பையில் தோல் வெட்டி மிஞ்சிய வெட்டுத் துண்டுகளை அடைத்துத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பையும் நம் பையும் ஒரே மாடல், ஒரே பிரவுன். திங்கட்கிழமை காலை நான் போனபோது தௌஃபீக் அதை இறக்கிக் கீழே வைத்திருந்தான். நான் நம் பையின் ரன்னரை மாற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். மழை, அவசரம், டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒன்றைத் தூக்கினேன். கனம் சரியாக இருந்தது. பூட்டைப் போட்டேன். வந்துவிட்டேன்.

நீ தூங்கினாயே, அப்போது உன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டையெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. கடை வாசலில் உன்னை அதட்டியது எனக்கே சங்கடமாக இருந்தது. துண்டு எடுத்துத் துடைத்துவிடலாம் என்று பூட்டைத் திறந்தேன். உள்ளே மேல் வரைக்கும் தோல் துண்டு. முப்பத்திரண்டு வருடம் பை தைக்கிறவன். இருட்டில் தொட்டால்கூட யார் தைத்தது என்று சொல்வேன். "எனக்கா அடையாளம் தெரியாது" என்று ஊர் பார்க்கக் கத்தி ஐந்து மணி நேரம் ஆகவில்லை. அந்த வெட்டுத் துண்டைத்தான் தலையில் வைத்துக்கொண்டு சுனாபட்டித் தண்ணீரில் நடந்திருக்கிறேன். மறுபடி பூட்டினேன். அப்போதுதான் போன். தௌஃபீக். "பாய், உங்க பை இங்கயே இருக்கு" என்றான்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பட்டறைக்காக இறங்கினேன் என்றால் நீ கோபப்படுவாய். அது எனக்குப் பழக்கம். பையை மாற்றி எடுத்துவிட்டேன் என்றால் நீ சிரிப்பாய். அதற்குத்தான் பயந்தேன். போய் நம் பையை எடுத்துக்கொண்டு மறுநாள் வண்டியில் வந்துவிட்டால், நீ தூங்கும் நேரம் பார்த்து மாற்றி வைத்துவிடலாம், உனக்குத் தெரியவே போவதில்லை என்று கணக்குப் போட்டேன். ஐம்பத்து நாலு வயதில் போடுகிற கணக்கா இது?

செவ்வாய்க்கிழமை காலையில் பையோடு குர்லா ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி ரத்து. சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமையும் போனேன். அங்கே இருக்கும்போதுதான் வர வேண்டாம் என்று உன் செய்தி வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அது உன் கட்டில் மேல் இருக்கிறது. நீ அடுக்கியது. நான் திறக்கவில்லை.

உன்னோடு இருக்கப் பயந்து இறங்கினேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை நீ நினைத்துக்கொண்டிருந்தபோதும் நான் பதினொரு தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் பையை மாற்றியதைவிட மோசம்.

தப்பு என் மேல்.

சுனாபட்டி வழியும் தப்பு. கல்யாண மண்டபமும் தப்பு. ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

சாவியை இதோடு அனுப்புகிறேன். நீயே திறந்து பார்த்துக்கொள். சிரிக்க வேண்டுமானால் சிரி. வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

கரீம்


கடையநல்லூர்
24.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "தப்பு என் மேல்" என்ற வரியை எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஜொஹரா கேட்டாள், "என்ன லாத்தா, மச்சான் அப்படி என்ன எழுதிருக்காக?" என்று. காட்டவில்லை. அது எனக்கு எழுதியது.

சாவி வந்தது. ஆனால் மச்சான், அதற்கு வேலையில்லை. இசக்கிதுரை பூட்டை உடைக்கவில்லை என்றுதான் எழுதினேன், பையைத் திறக்கவில்லை என்று எழுதவில்லை. ஒரு பால்பென் முனையை ஜிப் பல்லுக்குள் குத்திப் பிளந்தார், திறந்துகொண்டது. பார்த்த பிறகு ரன்னரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டினார், மூடிக்கொண்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜிப் வைத்தே பிழைக்கிற உங்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

ஆமாம், முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின சாயங்காலமே எனக்குத் தெரியும். உள்ளே வெட்டுத் துண்டைப் பார்த்ததும் இசக்கிதுரை பதறிப்போனார். "ஸ்டேஷன்ல யாரோ மாத்திட்டானுகம்மா, போலீஸ்ல சொல்லிருவோம்" என்றார். எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. காலையில் ரன்னர் மாற்றப் போனது, வண்டியில் உங்கள் வெளுத்த முகம், பையைத் திறக்காதே என்று சொன்னது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது. அந்த மனுஷர் ஓடிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

என்னோடு இருக்கப் பிடிக்காமல் இவர் இறங்கவில்லை, பையை மாற்றி எடுத்துவிட்டு வெட்கப்பட்டு இறங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தோல் கழிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். அப்போதே உங்களை மன்னித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் நீங்களே சொல்லிவிடுவீர்கள், இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம் என்றுதான் எதற்காக இறங்கினீர்கள் என்று கேட்டு எழுதினேன். நீங்கள் இரண்டு பேன் போட்டுக் காயவைத்தீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. மாடி அறையும் நிஜம்தான். இன்னும் ஒரு பொய் வந்திருந்தால் போயே இருப்பேன்.

என் மேலும் ஒரு தப்பு இருக்கிறது. தெரிந்துகொண்டே ஒரு மாதம் உங்களை வேகவிட்டேன். நீங்கள் சோறு இறங்கவில்லை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கும் அன்று இறங்கவில்லை. சிரித்தால் உங்களுக்கு அவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. ரசத்துக்காக நான் சிரித்தது கேலிக்கு இல்லை. அந்த நேரத்தில் உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

மாடி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜொஹரா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். முப்பிடாதியம்மாள்தான் சண்டைக்கு வந்தார். "சண்ட போட மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போறியே, மிச்சத்துக்கு நா எங்க போவேன்?" என்றார். சமாதானம் அவரே பார்த்துக்கொள்வதாகத்தானே பேச்சு. இருந்தாலும் போனில் பாடம் சொல்லித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி சனிக்கிழமை நான் வருகிற வண்டி காலையில் பன்வேல் வரும். பெட்டி எஸ்-4, சீட் 33, ஜன்னல் பக்கம். நீங்கள் வீட்டில் காத்திருக்க வேண்டாம், குர்லா ஸ்டேஷனுக்கும் வர வேண்டாம். பன்வேலுக்கு வந்து, இறங்கின இடத்திலேயே ஏறுங்கள். அங்கிருந்து நம் ஸ்டேஷன் வர ஒரு மணி நேரம் ஆகும். மூணாறில் நாலு நாள் இருக்கத்தான் கிளம்பினோம். முதலில் இந்த ஒரு மணி நேரம் இருந்து பார்ப்போம், பேச என்ன இருக்கிறது என்று.

கட்டில் மேல் இருக்கிற பையை இப்போது திறங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டை இருக்கும், நீலக் கட்டம். மூணாறில் முதல் நாள் நீங்கள் போட்டுக்கொள்ள வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பிளாட்பாரக் கூட்டத்தில் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

இத்துடன் ஒரு சின்னப் பை வைத்திருக்கிறேன். சாவி அதற்குள் இருக்கிறது. மத்தியானங்களில் நானே கையால் தைத்தேன், தையல் கோணல்தான், பார்த்துத் திட்ட வேண்டாம். தோல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் பத்தொன்பது கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறேன், இறக்க ஒரு ஆள் வேண்டும்.

உங்கள்,
நஜ்மு